உமியில் பொதிந்த விளக்குகள்

விளக்கு என்றதும் கையில் தூக்கிக்கொண்டு போகிற சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். என் ஸ்டூடியோ விளக்குகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் என்னைவிட உயரமான இரும்புக் கால். அதன் தலையில் கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவில் ஓர் அலுமினியச் சட்டி, வெளிச்சத்தைக் குவித்து முகத்தில் அடிப்பதற்கு. சட்டியின் நடுவே பூசணிப் பிஞ்சு பருமனில் பல்பு. இவை போதாதென்று ஆளை முறிக்கிற கனத்தில் ஒரு மின்சாரப் பெட்டி, சுருள் சுருளாகக் கம்பி, மரக்கால்களோடு காமிரா. இத்தனையையும் ஒரு குட்டிக் காரில் திணித்து, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், பினாங்குக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்தவள் நான். இப்போது நினைத்தாலும் எனக்குக் கழுத்து நிமிர்கிறது. பெருமை பேசுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், நான் பேசத்தான் போகிறேன்.

பினாங்கு உனக்கு வெளிநாடா என்று கேட்பீர்கள். சுங்கை பட்டாணியில் பிறந்தவள் நான். பல்வலி வந்தால்கூடப் பினாங்குக்குத்தான் ஓடுவோம். ஆனால் ஜப்பான்காரன் எங்கள் கெடா மாநிலத்தைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்துவிட்டான். மூடா ஆற்றுக்கு இந்தப் பக்கம் சயாம், அந்தப் பக்கம் ஜப்பான். வீட்டு அடுப்பு அதே இடத்தில் எரிந்தது, கோழி அதே வேலியோரம் மேய்ந்தது, நாங்கள் மட்டும் வேறு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். ஆற்றைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள்.

போன காரியம் பெண் பார்க்கிறது. என் தம்பி இராசதுரை ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்சர். பினாங்கில் தவமணி என்று ஒரு பெண். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குமாஸ்தா வேலையில் வேர் பிடித்த குடும்பம். சண்டை தொடங்கிய மாதத்திலேயே தகப்பன் குண்டுவீச்சில் போய்விட்டார், வீடும் போய்விட்டது. தாயும் மகளும் கப்பித்தான் பள்ளிவாசல் தெருவில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் ஒண்டியிருந்தார்கள். வயதுப் பெண்களைச் சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. தாய் அன்னலெட்சுமி அக்கா மகளைப் பின்னறையில் ஒளித்துவைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பிள்ளை படி இறங்கவில்லை. இப்போது கீழே இருக்கிற கடையை ராணுவம் கிடங்காக எடுக்கப்போகிறது என்று செய்தி. சிப்பாய்கள் கீழே குடிவந்தால் மேலே எப்படி ஒளிவது? அதற்கு முன்னால் அவள் அங்கிருந்து வெளியேற வேண்டும். போக்கிடம் என்று இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

தம்பிக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். இடையில் நின்றது அம்மா.

"உன்ர வாயை நம்பி என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது. நீ ஆரைக் கண்டாலும் வடிவு எண்டுவாய். படத்தைக் கொண்டா, பாப்பம்" என்று சொல்லிவிட்டார். படம் வராமல் பேச்சு நகராது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் படம் மாப்பிள்ளையின் தாய் கைக்கு வந்துதான் மற்ற எல்லாம்.

பினாங்கு ஸ்டூடியோக்களில் படம் எடுக்க வழியில்லை. அங்கே சிப்பாய்கள்தான் வரிசையில் நின்றார்கள், ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வதற்கு. ஜன்னலைப் பலகை அடித்து மூடிய பின்னறைக்கு விளக்கு போக வேண்டும், விளக்கோடு போகிறவள் பெண்ணாக இருக்க வேண்டும். சண்டைக்கு முந்தின வருடம் என் கணவர் காலமான பிறகு, அவர் கற்றுத் தந்த தொழிலை அவர் ஸ்டூடியோவிலேயே நடத்திக்கொண்டிருந்தவள் நான். எங்கள் பக்கத்தில் காமிரா பிடிக்கிற பெண் வேறு யாரும் இல்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வண்டி கிடைத்தது காசிம் பாயால். காசிம் பாய் எங்கள் பக்கத்துக் கோழி முட்டைகளை வாங்கிப் பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வியாபாரி. அதற்கு அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது, துணைக்கு ஓர் ஆளும் போகலாம். இரு வீட்டுக்கும் நடுவே இந்தச் சம்பந்தத்தைப் பேசி வைத்தவரும் அவர்தான். அவருடைய காரில் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு பூனைகள் உட்காரலாம். ஊரில் இருந்த கார்களையெல்லாம் பிடுங்கிக்கொண்ட ஜப்பான்காரன் இதை மட்டும் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டானாம். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் ஓடியது. அந்தப் புகையின் நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை.

பின் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்தோம். இரும்புக் கால்கள் இரண்டும் குறுக்காகப் படுத்து, கித்தான் கூரையின் ஓரத்தில் ஓட்டை போட்டு வெளியே நீட்டிக்கொண்டன. அலுமினியச் சட்டிகளை இரண்டு கதவிலும் வெளிப்பக்கமாகக் கட்டினோம். கார் காதில் தோடு போட்ட மாதிரி இருந்தது. மின்சாரப் பெட்டி என் காலடியில், காமிரா என் மடியில். பல்புகள்தான் கவலை. கப்பல் வராத காலம், உடைந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை.

"பல்பு என்னக்கா பல்பு, முட்டைக்குப் பெரியப்பன், அவ்ளோதான்லா" என்றார் காசிம் பாய். "ஒரு முட்ட ஒடையாம கொண்டு போறவன் நான். உமியில பொதைச்சிடுவோம்."

பெரிய பிரம்புக் கூடை. மில்லிலிருந்து அன்று காலையில் அள்ளிய உமி. கீழே முட்டை, மேலே பல்பு, சுற்றிலும் உமி. முட்டைக்காரர்கள் எப்போதும் செய்கிற கட்டு அது. நெல் விளைகிற நாட்டில் உமி என்பது குப்பை. அது அரிசியின் தோல் என்பது எங்கள் இருவருடைய மண்டையிலும் ஏறவில்லை. பினாங்கில் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் வாழ்கிறார்கள், கெடாவிலிருந்து அரிசி கடத்தினால் தலை போகும் என்பதும் தெரிந்ததுதான். தெரிந்தும் உமிக் கூடையை அலங்காரமாகப் பின்னால் ஏற்றிவைத்தோம், இரண்டு புத்திசாலிகள்!

படம் எடுக்கிற கண்ணாடித் தட்டும் என்னிடம் இரண்டுதான் மீதம் இருந்தது. ஒன்று பிசகினால் இன்னொன்று என்று தைரியமாகக் கிளம்பினேன்.

ஆற்றங்கரையில் சயாம் போலீஸ்காரர் எங்கள் வண்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு முட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நல்ல மனுசன். பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஜப்பான் சிப்பாய். அவன் சிரிக்கவில்லை.

காசிம் பாய் இறங்கிக் குனிந்தார். சிப்பாய் கூடையில் கையை விட்டு ஒரு பிடி உமியை அள்ளினான், ஊதினான். உமி பறந்தது. உள்ளங்கையில் வெள்ளையாக நொய் நாலைந்து கிடந்தது. அரிசியா என்று மலாயில் கேட்டான். முட்டை என்று காசிம் பாய் சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கி முனைக் கத்தியைக் கூடைக்குள் பாய்ச்சினான்.

டமார்!

பல்பு வெடித்த சத்தம் வேட்டுச் சத்தம் போலவே இருந்தது. சிப்பாய் பின்னால் துள்ளினான். கொட்டகையிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். துள்ளியதில் வந்த வெட்கமோ என்னவோ, காசிம் பாயை ஓங்கி ஓர் அறை விட்டான். அவருடைய சொங்கோக் தொப்பி போய்ச் சேற்றில் விழுந்தது.

எனக்குப் பயம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிடக் கோபம் வந்தது. இறங்கலாம் என்றால் கதவு திறக்க இடமில்லை. கித்தான் கூரையைத் தள்ளிக்கொண்டு மேல்வழியாக எழுந்து நின்றேன். சேலை இரும்புக் காலில் மாட்டிக்கொண்டது. அந்தக் கோலத்திலேயே கும்பிட்டு, மிச்சமிருந்த பல்பை உமியிலிருந்து தோண்டி எடுத்துக் காட்டினேன். வேலை அட்டைக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோ என்று முத்திரை குத்திய காகிதத்தைக் காட்டினேன். அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கை நொய்யையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லி விளங்காது என்று தெரிந்தது. கதவில் கட்டியிருந்த அலுமினியச் சட்டியை அவிழ்த்து, காலை வெயிலை அதில் பிடித்து அவன் முகத்தில் அடித்தேன். கண்ணைச் சுருக்கினான். சட்டியைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தை மென்மையாக்கினேன். மற்ற இருவரும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னமோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நான் காமிராவைக் காட்டி, அவனைக் காட்டினேன். அவன் கையைத் தட்டினான், நொய் கீழே விழுந்தது. தொப்பியைச் சரி செய்தான், சட்டைப் பொத்தானைப் போட்டான், பாலத்துக் கம்பத்தை ஒட்டி விறைப்பாக நின்றான்.

படம் எடுத்தேன். திரும்பி வரும்போது கொண்டுவா என்று கையால் காட்டினான். போகச் சொன்னான்.

கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, காசிம் பாய் உடைந்த பல்புக் கண்ணாடியை அதைச் சுற்றியிருந்த உமியோடு சேர்த்துப் பொறுக்கி எறிந்தார். கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

"அக்கா, காமிரா மூடியத் தெறக்காமலே ஆச்சுன்னு சொல்லியிருக்கலாம்லா? தட்டு மிஞ்சியிருக்கும். அறைஞ்சவனுக்குப் படம் ஒரு கேடா? அவனுக்கு என்னா தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. முன்னாலை வந்து நிக்கிற ஆளை ஏமாத்திப் படம் எடுக்க எனக்குக் கை வராது காசிம் பாய். அதோட, திரும்பி வரேக்கை படத்தைக் கேட்டானெண்டால்?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இவளைத் திருத்த முடியாது என்றா என்று நான் கேட்கவில்லை. இப்போது கையில் இருந்தது ஒரு பல்பு, ஒரு தட்டு.

பட்டர்வொர்த் துறையில் படகில் ஏற்றுவதற்கு வண்டியைப் பலகைமேல் தள்ள வேண்டியிருந்தது. ரப்பர் எண்ணெய்க்கு ஏற்றம் என்றால் ஆகாது. நாலு பேர் தள்ளினார்கள். அதில் ஒருவர், "என்னாம்மா, கோயில் தேரா? எங்க சாமி?" என்று கேட்டார். நான்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முன்பு இதே படகில் போகும்போது கச்சான் கடலை விற்பார்கள், மீ கோரிங் நூடுல்ஸ் வறுக்கிற வாசனை வரும். அன்று ஒருவர் வறுத்த சோளத்தில் காப்பி விற்றார். கோணிச்சாக்கில் தைத்த கால்சட்டை போட்டிருந்தார், ஆனால் குவளையை மட்டும் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்.

ஜார்ஜ் டவுனில் இறங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் ஒரு சீனத்து அம்மா கூடவே ஓடிவருகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர், அவர்களுக்குப் பின்னால் இரண்டு கோழி. கத்தி குத்திய ஓட்டையைக் காசிம் பாய் துணியால் அடைத்திருந்தார். துணி எங்கேயோ விழுந்துவிட்டது. துறையிலிருந்து தெருவெல்லாம் உமியால் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

"அலாமக்! அக்கா, இந்தக் கூட்டத்தோட அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னா அவ்ளோதான்" என்றார் காசிம் பாய். ஒளிந்திருக்கிற பெண்ணின் வீட்டுக்கு ஊர்வலம் போவதா?

பள்ளிவாசலுக்கு எதிரே, அவருடைய மச்சானின் நாசி கண்டார் கடை முன்னால் நிறுத்தச் சொன்னேன். கூட்டம் சூழ்ந்துகொண்டது. சாக்கை இடுப்பில் சுற்றியிருந்த ஒரு தமிழ்ப் பெண் முன்னால் வந்தாள்.

"ஏம்மா, அரிசிய இப்படி ஒழுக விட்டுக்கிட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா? எம் புள்ளைங்க சோறு பாத்து எத்தன நாளாச்சு தெரியுமா?"

நான் கூடையைத் திறந்து காட்டினேன். பல்பைத் தூக்கிக் காட்டினேன். முட்டைகளைக் காட்டினேன். அரிசி இல்லை தங்கச்சி, உமி என்றேன். அவள் நம்பவில்லை, உமியை அள்ளி முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"புது உமிம்மா. நொய் இருக்கு. இதக் குடுத்திடேன்" என்றாள்.

உமியைக் கேட்டு ஒருத்தி கண்கலங்குவாள் என்று என் வாழ்நாளில் நான் நினைத்ததில்லை. அவள் விரித்த சாக்கில் பாதி உமியைக் கொட்டினேன். சீனத்து அம்மா தன் பங்கைக் குனிந்து வாரிக்கொண்டார். சண்டை வரும் என்று பயந்தேன், வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள். மீதிப் பாதியை நான் இறுக்கி மூடிக்கொண்டேன். சும்மா போகலாமா, சம்பந்தி வீட்டுக்குப் போகிறோமே!

மச்சானின் கடையில் சாப்பிட்டோம். நாசி என்றால் மலாயில் சோறு. சோறே இல்லாத நாசி கண்டார். அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்து, மேலே மீன் குழம்பு. ஆனால் மனுசர் விட்டுக்கொடுக்கவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பஞ்சிரா அக்கா?" என்று பழைய மிடுக்கோடு கேட்டார், வெள்ளமாக ஊற்றட்டுமா என்று. ஊற்றுங்கள் என்றேன். குழம்பு அருமை. கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

இருட்டுகிற நேரத்தில் மசாலாக் கடையின் பின்படி வழியாக ஒவ்வொன்றாய் ஏற்றினோம். அன்னலெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ, பயந்து பயந்து வந்திருப்பியள்" என்றார். பின்னறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஓர் ஆம்பிளைப் பிள்ளை எழுந்து நின்றான். ஒட்ட நறுக்கிய தலை, பெரிய சட்டை, கைலி. யார் இந்தப் பொடியன் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன்.

"வணக்கம் மச்சாள்" என்றது அந்தப் பொடியன். குரல் பெண் குரல்.

கூந்தலை வெட்டியிருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் முகம்தான் முதலில் கண்முன் வந்தது. மயிர் இல்லாத பெண்ணின் படத்தை அம்மாவிடம் நீட்டுவதா? அன்னலெட்சுமி அக்காவுக்கு என் முகம் விளங்கிவிட்டது. அவசரமாகப் பெட்டியைத் திறந்து ஒரு நீளச் சவுரியை எடுத்துக் காட்டினார். வெட்டிய கூந்தலையே சவுரியாகக் கட்டி வைத்திருந்தார்.

"எல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறன். இதை வைச்சுப் பூவும் சுத்திவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

தவமணி சவுரியைப் பார்க்காமல் என் காமிராவையே பார்த்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலை உமி புடைப்பது. அன்னலெட்சுமி அக்கா சுளகை எடுத்தார். புடைக்கப் புடைக்க உமி பறந்தது, அடியில் நொய் தங்கியது. இரண்டு கைப்பிடி தேறியது. அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினார். ரப்பர் புகையும் முட்டை வாடையும் ஏறிய கஞ்சி. தவமணி முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் ஒரு சிரட்டை வந்தது. வீட்டில் தினமும் சோறு தின்கிறவள் நான், எனக்கு வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. குடித்தேன். அப்படி ஒரு கஞ்சி அதற்குப் பிறகு எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

பிறகு விளக்கை நாட்டினேன். அந்தச் சின்ன அறையில் இரும்புக் காலை நிமிர்த்தியதும் சட்டி கூரையைத் தொட்டது. பல்பு ஒன்றுதான், ஆனால் சட்டி இரண்டு இருந்ததே! பல்பு உள்ளதை வலப்பக்கம் வைத்தேன். வெறும் சட்டியை இடப்பக்கம் திருப்பி வைத்து, தப்பி ஓடுகிற வெளிச்சத்தைப் பிடித்து முகத்துக்கே திருப்பி விட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே செய்தது. சுவிட்சைப் போட்டேன். மின்சாரம் இளைத்துப்போன காலம். பல்பு மஞ்சளாகத்தான் எரிந்தது. அப்படியும் அந்த அறை அவ்வளவு வெளிச்சம் கண்டு நாளாகியிருந்தது. தவமணி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு வெளிறிப் போனன்" என்றாள்.

அன்னலெட்சுமி அக்கா சேலையை உடுத்திவிட்டார். சவுரியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் தவமணி வாயைத் திறந்தாள்.

"மச்சாள், எத்தினை தட்டு இருக்கு?"

"ஒண்டுதான் பிள்ளை. மற்றதிலை பாலத்திலை நிண்ட ஆமிக்காரனை எடுத்தாச்சு."

"ஒண்டே ஒண்டெண்டால் அதிலை நான்தான் இருக்கவேணும். சவுரி வேண்டாம்."

தாய் பதறிவிட்டார். "உனக்கென்ன விசரே? மொட்டைத் தலையைப் பாத்து ஆர் பெண்ணெடுப்பினம்? கீழை ஆமிக்காரன் வரப்போறான், தெரியுமோ? இதை விட்டால் உனக்கு வேறை என்ன வழி இருக்கு?"

"தெரியும் அம்மா. எனக்கும் இங்கை இருக்கப் பயம்தான். ஆனால் சவுரியைப் பாத்துச் சம்மதிச்சவைக்கு முன்னாலை, நாளைக்கு இந்தத் தலையோட போய் நான் எப்பிடி நிக்கிறது? நான் என்ன களவே செய்தனான்? உயிரோட இருக்கத்தானே வெட்டினது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் தமக்கை. படத்தில் கூந்தல் இருந்தால் அம்மா மறுபேச்சுப் பேசமாட்டார், பிள்ளை பத்திரமாக வெளியே வந்துவிடுவாள். கூந்தல் இல்லாவிட்டால் அம்மா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியாது. சவுரியை வை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே, விளக்கு அவளைப் பார்த்ததும் அவள் விளக்கைப் பார்த்ததும்... அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, சவுரியை உள்ளை வையுங்கோ" என்றேன்.

மங்கல் வெளிச்சம், அதனால் நான் ஐந்து எண்ணுகிறவரை அசையக்கூடாது, கண் இமைக்கக்கூடாது என்று சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியும் மச்சாள். கீழை தெருவிலை ஆமிக்காரன்ர சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூச்சும் விடமாட்டன்."

மூடியைத் திறந்தேன். எத்தனையோ பெரிய மனிதர்களை உட்கார வைத்து எடுத்திருக்கிறேன், ஒருவராவது அப்படி இருந்ததில்லை. கல்லாக இருந்தாள், ஆனால் முகத்தில் உயிர் இருந்தது. ஐந்து எண்ணி மூடினேன். அன்னலெட்சுமி அக்கா சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

பலகை அடித்த அந்த அறையே எனக்கு இருட்டறையும் ஆனது. சிவப்புக் காகிதம் சுற்றிய மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அகலமான சாப்பாட்டுக் கோப்பைகளில் மருந்து கரைத்து இரண்டு தட்டுகளையும் கழுவினேன். காய்ந்த பிறகு காகிதத்தில் அச்சு எடுத்தேன். இரண்டு முகங்களும் ஒரே கோப்பையில் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. தவமணி தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் மிதந்த சிப்பாயைப் பார்த்தாள். இத்தனை நாள் சப்பாத்துச் சத்தத்தை மட்டும் கேட்டவள், முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இவன் சின்னப் பொடியன்" என்றாள் ஆச்சரியமாக. அவனையும் ஒழுங்காக அலசிக் காயப்போட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பினோம். உமி இல்லை, முட்டை இல்லை. இருந்த ஒரு பல்பை என் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பாலத்தில் அதே சிப்பாய். காசிம் பாய் இறங்கி, அறை வாங்கிய கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பாமல் குனிந்தார். நான் படத்தை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கம்பமும் ஆறும் அவனும். பொத்தான் ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெளிவு. வெகுநேரம் பார்த்தான். பிறகு எனக்குத் தலை குனிந்தான். நான் குனிவதற்கு முன்னால் அவன் குனிந்தான்! காசிம் பாய் சாட்சி.

"உங்களுக்குக் குனிஞ்சான் சரி. என் கன்னத்துக்கு யாரு குனியறது?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். தம்பி சைக்கிள் சங்கிலியைச் சரி செய்வதுபோல் குனிந்திருந்தான். சங்கிலி ஒழுங்காகத்தான் இருந்தது. காசிம் பாய்க்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் படத்தை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.

"தலைமயிர் எங்கை?"

"வெட்டிப்போட்டினம் அம்மா. ஆமிக்காரனுக்குப் பயந்து, பொடியன் மாதிரி வைச்சிருக்கினம். சவுரி இருந்தது. அவள் வேண்டாமெண்டிட்டாள். உள்ளபடி எடுங்கோ எண்டாள்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். தம்பியின் சங்கிலிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவின் விரல் படத்தில் அந்தத் தலைமேல் மெல்லப் போய் வந்தது, குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி.

"முட்டைக்காரர் போயிட்டாரோ?" என்று கேட்டார்.

"இல்லை, தேத்தண்ணி குடிக்கிறார்."

"அவரைப் போக விடாதை. இந்த விளக்குகளை இறக்கு. கெதியா இறக்கு. உதுகள் காரை அடைச்சுக்கொண்டு கிடந்தால் அந்தப் பிள்ளை எங்கை குந்திக்கொண்டு வாறது?"

காசிம் பாய் குவளையை வைத்துவிட்டு எழுந்து வந்தார், தம்பியும் ஓடிவந்தான். இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். இரும்புக் கால்கள், சட்டிகள், மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் நானே இறக்கினேன். கனமே தெரியவில்லை.